சர்க்யூட் பாடத்துக்கு எது பொருந்தும்: கரும்பலகையா, அட்டைக் கேள்வியா, வீடியோவா, ப்ராஜெக்டா?

ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் ஏ என்ற ஒற்றைப் பல்பு. இரண்டாவதில் பி, சி இரண்டும் தொடர் இணைப்பில். மூன்றாவதில் டி, இ இரண்டும் பக்க இணைப்பில். பேட்டரிக்கு உள்மின்தடை இல்லை என்று வைத்துக்கொண்டு, பல்புகளைப் பிரகாசத்தின்படி வரிசைப்படுத்த மாணவர்களிடம் சொல்லுங்கள். கணக்கே வேண்டாத கேள்வி இது. ஏ, டி, இ மூன்றும் ஒரே அளவில் எரியும். பி, சி இரண்டும் அதைவிட மங்கலாக, தமக்குள் சமமாக எரியும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக இயற்பியல் கல்வி ஆய்வுக் குழு 1992-இல் வெளியிட்ட முடிவின்படி, கால்குலஸ் அடிப்படையில் இயற்பியல் படிக்கும் மாணவர்களில் சுமார் 15 சதவீதத்தினரே இதற்குச் சரியான விடை தந்தார்கள். பாடம் நடத்தும் முன்பு கேட்டாலும் நடத்தி முடித்த பின்பு கேட்டாலும் இந்த அளவு பெரிதாக மாறவில்லை. தவறான விடைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டே நம்பிக்கைகள். ஒன்று, பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும். ஆகவே டி, இ அதைப் பங்குபோட்டு மங்கிவிடும். மற்றொன்று, மின்னோட்டம் போகும் வழியில் செலவாகும். ஆகவே பி-யைவிட சி மங்கலாக எரியும்.

எந்தக் கற்பித்தல் முறை சிறந்தது என்று பொதுவாக வாதிடுவதைவிட, இந்தப் பல்புக் கேள்வியையும் ஒரு நோடல் அனாலிசிஸ் (கம்பிகள் சேரும் சந்திப்புகளின், அதாவது நோடுகளின், வோல்டேஜைக் காணும் முறை) கணக்கையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் எதைச் சரிசெய்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. களம் நமக்குத் தெரிந்த பொறியியல் கல்லூரிதான்: 60 பேர் வகுப்பு, 50 நிமிட பீரியட், 3 கிரெடிட்டுக்கு 45 பீரியட், ஐந்து யூனிட். டிசி சர்க்யூட்டுக்குக் கிடைப்பது ஒன்பது பீரியட்.

கரும்பலகை விரிவுரை

இதன் பலம் வேகம். மெஷ் (சர்க்யூட்டில் உள்ள மூடிய வளையம்) சமன்பாடுகளை மேட்ரிக்ஸாக மாற்றும் வழியை 20 நிமிடத்தில் 60 பேருக்கும் ஒரே ஒழுங்கில் காட்டிவிடலாம். தயாரிப்பு நேரம் குறைவு, நோட்ஸ் கையில் மிஞ்சும். பலவீனம், பல்புக் கேள்வி காட்டுவதுதான்: கேட்பவர் தன் பழைய நம்பிக்கையைத் தொடாமலேயே புதிய சூத்திரத்தை எழுதிக்கொண்டு போய்விட முடியும்.

2014-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் சார்ந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவரை வேலை செய்யவைக்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம். 50 பேருக்கு உட்பட்ட வகுப்புகளில் பயன் இன்னும் கூடுதல். பயிலரங்குகளில் இந்த எண்ணைத் திரையில் போட்டுவிட்டு நேராக ப்ராஜெக்டுக்குத் தாவிவிடுகிறார்கள். அது தவறு. அந்தத் தொகுப்பில் ‘செயல்வழி’ என்ற ஒரே பெயருக்குள் அவ்வப்போது கேட்கும் கேள்வி முதல் முழு ஸ்டுடியோ வகுப்பு வரை எல்லாம் அடங்கியிருந்தன. எந்த முறையை எடுப்பது என்று அந்த எண் சொல்லவில்லை.

அட்டைக் கேள்வி

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் நடத்திவந்த சகமாணவர் உரையாடல் முறை. பல்புக் கேள்வி போன்ற இடங்களில் செலவிடும் ஒரு நிமிடத்துக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கணிப்பு. செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஏ, பி, சி, டி என்று நான்கு நிற அட்டைகள் ஒவ்வொருவருக்கும் போதும். மின்னணு கிளிக்கருக்குப் (பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கருவி) பதில் அட்டை வைத்தாலும் கற்றல் குறைவதில்லை என்று கனடாவில் ஒரு கல்லூரியில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நடத்தும் விதம்: கேள்வியைப் பலகையில் போடுங்கள். இரண்டு நிமிடம் தனியாக, மௌனமாக யோசிக்கட்டும். மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சுக்கு நேராகக் காட்ட வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை பார்த்து மாற்றிக்கொள்ளும். எண்ணிக்கையை நீங்கள் மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விவாதம் வீண். அடிப்படையைத் திரும்ப நடத்திவிட்டுக் கேளுங்கள். 70-க்கு மேல் என்றால் ஒரு நிமிட விளக்கம் போதும். இடையில் வந்தால், வேறு விடை காட்டிய பக்கத்து ஆளைத் தேடிப் பிடித்து மூன்று நான்கு நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி அட்டை. அதற்குப் பிறகுதான் விடை. ஒரு பீரியடில் இப்படி மூன்று அல்லது நான்கு கேள்வி நடத்தலாம்.

குழுவில் யாருக்கும் சரியான விடை தெரியாதபோதும் விவாதத்துக்குப் பின் புரிதல் கூடுகிறது என்று 2009-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ‘கெட்டிக்காரன் சொல்வதை மற்றவர்கள் காப்பியடிக்கிறார்கள், அவ்வளவுதான்’ என்ற சந்தேகத்துக்கு அது நேரான பதில்.

எங்கே கெடுகிறது? முதல் சுற்று முடிவைப் பலகையில் எழுதிவிடுவது பெரிய தவறு. பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள். அடுத்து, கால்குலேட்டர் தேவைப்படும் கேள்வி. அங்கே வாதம் நடக்காது, கணக்குதான் நடக்கும். மூன்றாவது, தவறான விடைகளை ஆசிரியர் கற்பனையில் இட்டுக்கட்டுவது. பழைய இன்டர்னல் விடைத்தாள்களை எடுத்து, மாணவர்கள் உண்மையில் எழுதிய தவறுகளையே தேர்வுகளாக வையுங்கள். ஒரு நல்ல கேள்வி செய்ய அரை மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

பயனை அளக்க ரிச்சர்ட் ஹேக் 1998-இல் பயன்படுத்திய எளிய அளவை எடுத்துக்கொள்ளலாம். பாடத்துக்கு முன் சராசரி 40, பின் 54 என்றால், கூட்ட இடமிருந்த 60-இல் கூடியது 14, அதாவது 0.23. அவர் சேர்த்த 62 வகுப்புகள், சுமார் 6,500 மாணவர்களின் இயக்கவியல் தேர்வு முடிவுகளில் வழக்கமான வகுப்புகளின் சராசரி இந்த 0.23. ஊடாட்ட வகுப்புகளின் சராசரி 0.48, அதே 40-இலிருந்து 69-க்குப் போவதற்குச் சமம்.

தீர்த்த கணக்கு, பாதிக் கணக்கு

நோடல் அனாலிசிஸ் போன்ற செய்முறை ஒழுங்குக்கு அட்டைக் கேள்வி உதவாது. அங்கே கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1980-களில் ஆஸ்திரேலியாவில் காட்டிய வழி பொருந்தும்: புதிதாகக் கற்பவருக்குத் தீர்க்காத கணக்குகளாகக் கொடுப்பதைவிட, தீர்த்த கணக்கு ஒன்றும் அதே வகையில் தீர்க்க ஒன்றுமாகக் கொடுப்பது குறைந்த நேரத்தில் கூடுதல் பலன் தருகிறது.

ஒரு சிறு உதாரணம். 12 வோல்ட் மூலத்திலிருந்து 2 கிலோஓம் வழியாக ஒரு நோடு. அந்த நோடிலிருந்து தரைக்கு இரண்டு 4 கிலோஓம். படிகள்: தரை நோடைத் தேர்ந்தெடு, தெரியாத நோடுக்குப் பெயரிடு, உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று எழுது, தீர், திரும்பச் சரிபார். நோடு 6 வோல்ட். 3 மில்லிஆம்பியர் உள்ளே வந்து, 1.5 ஆக இரண்டு கிளைகளில் வெளியேறுகிறது. முதல் தாளில் இந்த ஐந்து படியும் அச்சாகியிருக்கட்டும். இரண்டாவது கணக்கில் கடைசிப் படி மட்டும் காலி. மூன்றாவதில் கடைசி இரண்டு. ஐந்தாறு கணக்குக்குள் தாள் முழுதும் காலியாகிவிடும். கடைசியிலிருந்து காலியாக்குவது முக்கியம். தொடக்கப் படியைக் காலியாக விட்டால், அங்கே தடுக்கியவர் அடுத்த எதையும் தொடமாட்டார்.

தவறுகள் மூன்று இடத்தில் குவியும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒரே பக்கத்தில் குறி மாற்றாமல் எழுதுவது. ஒரு கிளையில் ஓம், இன்னொன்றில் கிலோஓம் என்று கலப்பது. இரண்டு நோடுகளுக்கு நடுவே வோல்டேஜ் மூலம் மட்டும் இருக்கும்போது அதன் மின்னோட்டத்தை எழுதத் தெரியாமல் நிற்பது. மூன்றாவதற்கு சூப்பர்நோடு, அதாவது அந்த இரண்டு நோடுகளையும் ஒன்றாகக் கருதும் வழி, வேண்டும். அதற்குத் தனியாக ஒரு தீர்த்த கணக்கு தேவை. நன்றாகத் தேறிய மாணவருக்கு இதே தாள் தொல்லையாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் டெஸ்டில் முழு மார்க் வாங்கியவர்களுக்கு நேராகக் காலித் தாளைக் கொடுங்கள்.

வீட்டில் வீடியோ, வகுப்பில் கணக்கு

தலைகீழ் வகுப்பு என்று இதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் உயிரியல் பாடத்தில் நடந்த ஒரு கட்டுப்பாடான ஒப்பீட்டில், வகுப்பு நேரத்தில் இரு தரப்பும் ஒரே அளவு செயல்வழியில் படித்தபோது, தலைகீழாக்கியதால் கூடுதல் பயன் ஏதும் தெரியவில்லை. பயன் வருவது மீதப்படுத்திய வகுப்பு நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதிலிருந்துதான். வீடியோ கொடுத்துவிட்டு வகுப்பில் மறுபடி அதையே விரிவுரையாக நடத்தினால், அடுத்த வாரத்திலிருந்து ஒருவரும் வீடியோ பார்க்கமாட்டார்கள்.

நடைமுறையில் நீளம்தான் எதிரி. ஈடிஎக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பல லட்சம் வீடியோ பார்வைகளை அலசிய 2014 ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் கவனம் தங்குவதில்லை என்று கண்டது. ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் வீடியோ பாடங்கள் உள்ளடக்கத்தில் அருமையானவை. ஆனால் ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே வீட்டுவேலையாகக் கொடுத்தால் விடுதி அறையில் அது ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவே. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறித்து, மூன்று கேள்வி சேர்த்துக் கொடுத்து, வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் அவற்றிலிருந்து குட்டித் தேர்வு வையுங்கள். தேர்வு இல்லாமல் இது நிற்காது.

ப்ராஜெக்ட்

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கியதிலிருந்தே ப்ராஜெக்டை மையமாக வைத்து நடக்கிறது. அங்கே ஒரு பருவத்தின் 30 கிரெடிட்டில் ஏறத்தாழ பாதி ப்ராஜெக்டுக்கு. எம்ஐடியும் மூன்று ஸ்வீடிஷ் பல்கலைக்கழகங்களும் 2000-இல் தொடங்கிய சிடிஐஓ என்ற பொறியியல் கல்வி அமைப்பும் வடிவமைத்துக் கட்டும் அனுபவத்தைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது. இந்தப் பாதி என்ற அளவை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் விபரீதம். ஆறு பேப்பருக்கு மேல் ஒரு கிரெடிட் ப்ராஜெக்டைச் சுமத்தினால், கடையில் ரெடிமேடாக வாங்கி வருவது மாணவருக்குப் புத்திசாலித்தனமான முடிவாகத் தெரியும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 60 பேர், நான்கு பேர் குழு, 15 குழுக்கள். ஒரு ஆசிரியர், 50 நிமிடம். குழுவுக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். புதிதாகக் கற்பவரை வழிகாட்டல் குறைந்த சூழலில் விடக்கூடாது என்று கல்வி ஆய்வாளர்கள் தரும் எச்சரிக்கை இங்கேதான் பொருந்துகிறது.

ஆனால் கரும்பலகையால் தர முடியாத ஒன்றை ப்ராஜெக்ட் தரும். 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 10 கிலோஓம், நடுவில் 4.5 வோல்ட் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் 1 கிலோஓம் சுமையை மாட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் 0.75 வோல்ட் காட்டும். ‘மீட்டர் ரிப்பேர் சார்’ என்பார்கள். அந்தக் கணத்திலிருந்து கீழ் 10 கிலோஓமும் 1 கிலோஓமும் பக்க இணைப்பில் சேர்ந்து சுமார் 909 ஓம் ஆகிவிட்டதை அவர்களே கண்டுபிடிக்கும் வரை விடுங்கள். அதனால் பெரிய ப்ராஜெக்டுக்குப் பதில், இரண்டு பீரியட் நீளும் இத்தகைய சிறு வேலைகளே இந்த யூனிட்டுக்குச் சரி. பிரெட்போர்டின் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகி சர்க்யூட் கட்டும் பலகை) பவர் வரிசை சில மாடல்களில் நடுவில் துண்டாகியிருக்கும். ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டரை வோல்டேஜ் அளக்க மாட்டினால் ஃபியூஸ் போகும். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் அரை பீரியட் மிஞ்சும். வைவாவில் ஒரு ரெசிஸ்டரை மாற்றி, அளப்பதற்கு முன் என்ன வரும் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். குழுவில் சும்மா இருந்தவர் அங்கே தெரிந்துவிடுவார்.

ஒன்பது பீரியடை எப்படிப் பிரிப்பது

முதல் இரண்டு பீரியட் அட்டைக் கேள்வி, பல்புக் கேள்வியில் தொடங்கி. அடுத்து மெஷ், நோடல் இரண்டுக்கும் 20 நிமிட விரிவுரையும் படிப்படியாகக் காலியாகும் தாளும் சேர்த்து நான்கு. தெவெனின் தேற்றத்துக்கு (பெரிய சர்க்யூட்டை ஒரு வோல்டேஜ் மூலமும் ஒரு மின்தடையுமாகச் சுருக்குவது) ஒன்று, அதன் முன்னறிமுகம் குறித்துக் கொடுத்த வீடியோவில். கடைசி இரண்டு பிரெட்போர்டுக்கு. விரிவுரை காணாமல் போகவில்லை. பீரியடில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறது.

இதற்கு மாணவரிடமிருந்து எதிர்ப்பு வரும். 2019-இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை புரிந்துவிட்ட உணர்வைத் தருகிறது. திணறுவது புரியாத உணர்வைத் தருகிறது. ஃபீட்பேக் படிவத்தில் ‘சார் ஒழுங்காக நடத்துவதில்லை’ என்று வரும் முன், முதல் வாரமே இந்த முடிவை வகுப்பில் காட்டி, முதல் இன்டர்னலுக்குப் பின் அவர்களுடைய சொந்த மதிப்பெண்ணை வைத்து மறுபடி பேசுங்கள்.

வினாத்தாள் மாறாவிட்டால் மேலே சொன்ன எதுவும் மூன்றாவது வாரம் தாண்டாது. அண்ணா பல்கலைக்கழக அமைப்பில் பார்ட் ஏ-யில் இரண்டு மார்க் கேள்வி பத்து, பார்ட் பி-யில் 13 மார்க் ஐந்து, பார்ட் சி-யில் 15 மார்க் ஒன்று. செமஸ்டர் தாள் நம் கையில் இல்லை. இன்டர்னல் தாள் இருக்கிறது. அதன் பார்ட் ஏ-யில் ‘ஓம் விதியை எழுதுக’ இருக்கும் இடத்தில் இதை வையுங்கள்: ‘தொடர் இணைப்பில் இரு ஒத்த பல்புகள் எரிகின்றன. ஒன்றின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் மற்றொன்றின் பிரகாசம் என்ன ஆகும்? காரணம் கூறுக.’ கூடும் என்பதற்கு அரை மார்க், காரணத்துக்கு ஒன்றரை.