ஃபுல் டவர் காட்டும், போன் மட்டும் வராது: டவர் வேலை நடந்த பதினொரு வாரம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும், போன ஜூன் வரை பன்னிரண்டு வருடம் குறையில்லாமல் ஓடிய சேவைக்கு. ஜூலை முதல் வாரத்தில் எங்கள் பகுதி டவர்களில் மேம்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். அதிலிருந்து இன்றுவரை நான் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இதே வேலை நாளைக்கு உங்கள் ஊரில் வேறொரு கம்பெனியும் செய்யலாம். அப்போது இது உங்களுக்கும் உதவட்டும்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு குட்டி யானை ஓட்டுகிறேன். தேங்காய், இளநீர், கொப்பரை, சீசனில் மாங்காய், எது வந்தாலும் ஏற்றுவேன். எனக்கு ஆபீஸ் கிடையாது. வண்டியின் பின்பக்கம் பெயின்டில் எழுதியிருக்கிற பத்து இலக்க எண்தான் என் ஆபீஸ். கொப்பரை காயவைக்கும் களத்துக்காரர்கள் விடிகாலை ஐந்து, ஐந்தரைக்கு அழைப்பார்கள். எடுத்தால் அன்றைக்கு வாடகை உண்டு. எடுக்காவிட்டால் அடுத்த வண்டிக்காரருக்குப் போன் போய்விடும்.

முதல் வாரம் எனக்கு எதுவும் புரியவில்லை. போனில் நான்கு கோடும் முழுசாக நிற்கிறது, 4ஜி என்று காட்டுகிறது. அதனால் யாரும் அழைக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் ஒரு களத்துக்காரர் அம்பராம்பாளையம் டீக்கடையில் நேரில் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, காங்கேயத்துக்குக் கொப்பரை லோடு, அஞ்சு தடவை அடிச்சேன். நாட் ரீச்சபிள்னு வந்துச்சு. வேற வண்டிக்குச் சொல்லிட்டேன்" என்றார். 3,200 ரூபாய் வாடகை. அதைவிட எனக்கு வலித்தது, ஏழு வருடமாக முதல் போன் எனக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்திருந்தார். போனைக் காட்டி விளக்கினேன். "ஃபுல் டவர் இருக்குதே தம்பி" என்றார். அவர் மேல் தப்பே இல்லை, கோடு முழுசாகத்தான் நின்றது.

டீசல் போடப் போனால் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும். ஒருநாள் பங்கில் இருபது நிமிடம் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். பங்கில் வேலை பார்க்கும் பையன் தெரிந்தவன் என்பதால், "அப்புறம் அனுப்புங்கண்ணா" என்று விட்டுவிட்டான். தெரியாத ஊராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து சட்டைப் பையில் ஆயிரம் ரூபாய் ரொக்கம் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. ஆடி அமாவாசைக்கு மாசாணியம்மன் கோவிலுக்குக் கூட்டம் வந்த அன்று இரண்டு கோடுகூட இல்லை. கூட்டத்துக்கு நெட்வொர்க் திணறுவது வழக்கம்தான், ஆனால் இப்படி ஒரேயடியாகப் படுத்தது இல்லை.

எனக்குப் பொறுக்க முடியாமல் போனது ஆகஸ்டில். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடத் தாமதமாகி, சர்க்கரை இறங்கி, கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி எனக்கு ஒன்பது தடவை அழைத்திருக்கிறாள். நான் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில், வேட்டைக்காரன்புதூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அழைப்புகூட வந்து சேரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேறு கம்பெனி சிம் வைத்திருந்தார். அவர் போனில் ஆட்டோவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். சாயங்காலம் ஆனைமலை முக்கு தாண்டும்போதுதான் தவறிய அழைப்புகளுக்கான குறுஞ்செய்தி ஒன்பதும் மொத்தமாக வந்து விழுந்தது. ஓரமாக நிறுத்தி ஒவ்வொன்றிலும் இருந்த நேரத்தைப் பார்த்தேன். 1.10, 1.12, 1.13. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். அந்த ஒன்பது நேரமும் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் நேரே டவருக்கே போனேன். எங்கள் ஊர் டவர் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பையன்கள் மேலே கயிறு கட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள், ஒருவர் கீழே நின்றார். வெளியூர்க்காரர்கள், ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள். நான் சண்டைக்கு வரவில்லை என்று தெரிந்ததும் கீழே நின்றவர் பொறுமையாக விளக்கினார். கஸ்டமர் கேரில் பல தடவை பேசியும் கிடைக்காத விளக்கம் அரை மணி நேரத்தில் கிடைத்தது.

பழைய ஆன்டெனாவையும் அதற்குப் பின்னால் இருக்கிற பெட்டிகளையும் இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்றுகிறார்கள். கூடுதல் 4ஜிக்கும் 5ஜிக்கும் சேர்த்து. ஏற்றி முடித்ததும் டவர் அலையை வீச ஆரம்பித்துவிடும். போனில் தெரிகிற கோடு அந்த அலையின் பலத்தை மட்டும்தான் காட்டும். ஆனால் டவரிலிருந்து நம் பேச்சும் டேட்டாவும் வெளியே போக வேண்டியது பூமிக்கடியில் போகும் ஃபைபர் கேபிள் வழியாக. அந்த ஃபைபர், ரோடு அகலப்படுத்தும் ஜேசிபி தோண்டியதில் ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. எங்கள் தோப்புக் கணக்கில் சொன்னால், சொட்டு நீர்க் குழாயை மரத்துக்கு மரம் புதிதாக இழுத்துவிட்டோம், கிணற்று மோட்டாரிலிருந்து வருகிற பெரிய குழாய் உடைந்து கிடக்கிறது. அதனால்தான் கோடு முழுசு, பேச்சு பூஜ்யம்.

இன்னொன்றும் கேட்டேன். அம்பராம்பாளையத்திலிருந்து ஆனைமலைக்குத் திரும்பும்போது ஒரு குறிப்பிட்ட வளைவில் பேச்சு ஒவ்வொரு தடவையும் அறுந்துபோகிறது, அது ஏன் என்று. வண்டி ஓடும்போது ஒரு டவர் நம் அழைப்பை அடுத்த டவரிடம் கைமாற்றிவிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு டவரும் தன் பக்கத்து டவர்கள் எவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். புதுப் பெட்டி மாட்டியதும் அந்தப் பட்டியலைச் சரியாகப் போட வேண்டும், ஆன்டெனா எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். எல்லா டவரும் முடிந்த பிறகு வண்டியில் சுற்றி அளந்துதான் அதைச் செய்வார்களாம். அதுவரை அந்த வளைவு அப்படித்தான் இருக்கும்.

"சரிங்க, இதை ஊருக்குச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "எங்களுக்கு ராத்திரிதான் சைட் லிஸ்ட் வரும்ண்ணா. ஜனங்களுக்குச் சொல்றது எங்க வேலை இல்லை" என்றார். உண்மைதான். அந்த வேலை கம்பெனியுடையது.

என் புகார் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. டவரை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றினால் நல்லதுதான், என் பையன் பாடம் படிப்பதும் அதே நெட்டில்தான். ஆனால் மின்வாரியத்தைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முந்தைய நாளே பேப்பரில் ஊர் ஊராகப் பெயர் போட்டு, காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை மின்தடை என்று சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் காலையிலேயே தண்ணீர் ஏற்றிவைத்துவிடுவோம், மாவை முந்தின இரவே அரைத்துவிடுவோம். எவ்வளவு பெரிய உதவி அது! போன் கம்பெனியிடம் என் எண் இருக்கிறது. ரீசார்ஜ் முடிய இன்னும் மூன்று நாள், புது பேக், காலர் ட்யூன் என்று தினம் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிகிறது. "நாளை உங்கள் ஊர் டவரில் வேலை, பத்து முதல் ஐந்து வரை அழைப்பு வராது" என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தால், களத்துக்காரர்களிடம் மனைவி எண்ணைக் கொடுத்திருப்பேன். அம்மாவைத் தனியாக விட்டிருக்க மாட்டேன்.

புகார் செய்த கதை. 198 என்பது புகாருக்கான இலவச எண், எந்தக் கம்பெனி சிம்மாக இருந்தாலும் அதுதான். மூன்று தடவை புகார் பதிந்தேன். ஒவ்வொரு தடவையும் புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. முதல் இரண்டு தடவை இரண்டே நாளில் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்றும் வந்தது. எதுவும் தீரவில்லை. இரண்டாவது செய்தி வந்தபோது நான் சேத்துமடை ரோட்டில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தடவை பேசிய பெண், "சார், உங்க ஏரியா மேப்ல 4ஜி நல்லா இருக்கு" என்றார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னபடி கம்பெனிகள் எல்லாம் எந்த ஊரில் எந்த சேவை உண்டு என்று தங்கள் இணையதளத்தில் மேப் போட வேண்டும். நானும் பார்த்தேன், எங்கள் ஊர் நல்ல நிறத்தில்தான் இருந்தது. அந்தப் பெண்ணைக் கோபித்துப் பயனில்லை, அவருக்கு முன்னால் இருந்த திரையில் அவ்வளவுதான் தெரிந்தது.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். புகாருக்குக் கிடைத்த பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். முப்பது நாளுக்குள் அவரிடம் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது. புகார் எண்ணை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான் செய்தேன். தவறிய அழைப்புச் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் ஒன்பதையும் சேர்த்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்த பதிலில்தான் முதல்முறையாக ஒரு தேதி இருந்தது: எங்கள் பகுதி வேலை செப்டம்பர் 30க்குள் முடியும் என்று. அந்தத் தேதி கம்பெனிக்குள் எங்கோ ஜூலையிலேயே இருந்திருக்கத்தானே வேண்டும்?

நஷ்ட ஈடு கேட்கலாமா என்றும் விசாரித்தேன். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் விதியில், மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவும் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் உண்டு. நல்ல விதிதான். ஆனால் மூன்று நான்கு கிராமத்துக்கு மட்டும், ஒருநாள் நின்று ஒருநாள் ஓடுகிற எங்கள் நிலைமை அதற்குள் வராது.

இடையில் நானே கண்டுபிடித்த சில வழிகள். செட்டிங்கில் 2ஜி மட்டும் என்று மாற்றினால், எங்கள் ஊரில் அழைப்புகள் பெரும்பாலும் வந்துவிட்டன. ஆனால் அப்போது யுபிஐ ஓடாது. காலை எட்டு வரை 2ஜி, பணம் வாங்கும் நேரம் 4ஜி என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர்கள் போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவிடுங்கள், டவர் இல்லாமலே அதே எண்ணுக்கு அழைப்பு வரும். எங்கள் வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, ஒரு களத்து ஆபீஸில் இருக்கிறது. அங்கே நிற்கும்போது மட்டும் நிம்மதியாகப் பேசுவேன். கோபாலபுரம் தாண்டிப் பாலக்காடு ரோட்டில் போனால் கேரளா டவர் பிடித்துக்கொண்டு எல்லாம் அருமையாக ஓடுகிறது. அதே கம்பெனி, அதே சிம்.

எல்லாரும் சொல்கிறார்கள், அதே எண்ணோடு வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ணிவிடு என்று. முறை எளிதுதான். ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, நம் எண்ணையும் போட்டு 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனி கடையில் கொடுத்தால், ஒரே மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும், எண் மாறாது. நான் ஏன் இன்னும் செய்யவில்லை என்றால், ஜனவரியில் ஒரு வருட பேக் போட்டேன். போர்ட் செய்தால் மீதி இருக்கிற வேலிடிட்டி அப்படியே போய்விடும். மூவாயிரத்துச் சொச்சத்தில் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. இனிமேல் வருட பேக் போட மாட்டேன். நீங்களும், உங்கள் ஊர் டவரில் ஆட்கள் ஏறுவதைப் பார்த்தால், மாதாமாதம் மட்டும் போடுங்கள்.

இப்போதைக்கு இரண்டாவது சிம் ஸ்லாட்டில் வேறு கம்பெனி சிம் ஒன்று போட்டிருக்கிறேன். அம்மாவின் பட்டன் போனிலும் அந்த எண்ணை முதல் இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். கடந்த பத்து நாளாக ஊருக்குள் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, டேட்டா முன்பைவிட வேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனைமலை வளைவில் மட்டும் நேற்றும் அறுந்தது. செப்டம்பர் 30 வர இன்னும் எட்டு நாள். அதற்குள் சரியாகி, அடுத்த முறை வேலை செய்வதற்கு முன் ஒரு வரிச் செய்தி வந்தால், இங்கேயே வந்து நட்சத்திரத்தைக் கூட்டிவிடுவேன். தீபாவளிக்குள் சொல்லாமல் ஒருநாள் நின்றாலும் பாக்கி வேலிடிட்டியைப் பார்க்காமல் 1900க்கு அனுப்பிவிடுவேன். இதற்கிடையில் வண்டியின் பின்பக்கம் இரண்டாவது எண்ணையும் எழுதப் பெயின்டரிடம் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை காலை வருகிறார்.