58 மி.மீ. மெத்தென்ற ஸ்கேட்போர்டு வீல்: எங்க ஏரியா ரோட்டில் ஓட்டிப் பார்த்த வரைக்கும்

பக்கத்துத் தெரு தம்பி கேட்டான்: "அண்ணா, வீல் 52 வாங்கட்டா, 54 வாங்கட்டா?" புதுசாக ஸ்கேட்போர்டு எடுக்கிற எல்லோரும் வீல் விட்டத்தின் இந்த மில்லிமீட்டரில்தான் வந்து நிற்கிறார்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மாதிரி வடசென்னை ரோட்டில் ஓட்டுகிறவன் முதலில் கேட்க வேண்டியது, வீல் எவ்வளவு கடினம் என்பதை.

52-இல் இருந்து 58-க்குப் போனால் ஆரம் கூடுவது வெறும் 3 மி.மீ. கல் மேல் ஏற அது ஓரளவு உதவும், அவ்வளவுதான். என் பழைய வீல் 52, கடினம் 99ஏ ('ஏ'-க்கு முன்னால் இருக்கிற எண் கூடக் கூட வீல் கடினம்). வழவழப்பான சிமெண்ட் தரையில் அதை அடிச்சிக்க ஆளே இல்லை. ஆனால் மணலி பக்கம் போகிற லாரி சிந்திவிட்டுப் போன பொடி ஜல்லி ஒன்று போதும், போர்டு அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் பறப்பான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வீலைக் கொண்டுவரும் வரை, களிமண் வீலில் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான்.

இப்போது போட்டிருப்பது 58, 78ஏ. அதே ஜல்லியை அமுக்கிவிட்டுப் போகிறது. ஒட்டுப்போட்ட தார், மேன்ஹோல் மூடியின் விளிம்பு, பேவர் பிளாக் இடுக்கு, எதிலும் பாதம் கூசவில்லை. சத்தமும் இல்லை. விடியற்காலையில் சந்துக்குள் போனால் வாசலில் கட்டில் போட்டுத் தூங்குகிறவர்கள் புரண்டுகூடப் படுப்பதில்லை. இந்த சுகத்துக்கு முன்னால் ஆலி அடிக்கும்போது, அதாவது போர்டோடு சேர்ந்து துள்ளும்போது, அது கனப்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. வளைக்கும்போது வீல் போர்டின் அடியில் உரசும். போர்டுக்கும் டிரக்குக்கும் (வீல் மாட்டுகிற அச்சு) நடுவே 3 மி.மீ. ரைசரும் (உயரம் கூட்டுகிற தகடு) கொஞ்சம் நீளமான போல்ட்டும் போட்டதும் அது நின்றது. பேரிங் எந்த ஸ்கேட்போர்டு வீலுக்கும் அதே 608 அளவுதான், சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும். காசிமேடு உப்புக்காற்றுக்கு ரப்பர் மூடி போட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது ஓரத்தை நினைத்தால்தான். இந்த வீலின் ஓரம் கத்தரித்த மாதிரி சதுரம், தரையில் படுகிற பட்டையும் அகலம். நேராக ஓடும்போது அதுதான் பிடிமானம். நிறுத்தலாம் என்று போர்டைக் குறுக்கே திருப்பினால் அதே ஓரம் தரையைக் கவ்விக்கொள்கிறது, சறுக்கவே மாட்டேன் என்கிறது. ஆட்டோ குறுக்கே வரும்போது இது விளையாட்டில்லை. ஓரம் உருண்ட வீலாக இருந்தால் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும். இதைத் தெரிந்து வாங்கலாம் என்றால், நான் வாங்கிய இடத்தில் விட்டத்தைத் தவிர ஒரு விவரமும் போடவில்லை. ஓரம் எப்படி, பட்டை எத்தனை அகலம் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? உயிரோடு விளையாடுகிற விஷயமய்யா இது!

பழைய 52 இப்போது பெட்டிக்குள் கிடக்கிறது, அதைத் திரும்ப மாட்டப் போவதில்லை. அப்படியும் இந்த 58-க்கு ஐந்தில் இரண்டுதான் தருவேன். அந்த இரண்டும் ஜல்லிக்காக. தம்பி, நீ ரோட்டில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் 78ஏ-யே எடு, 56 இருந்தாலும் போதும். ஆனால் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்காமல் காசு கொடுக்காதே. காலைத் தரையில் தேய்த்து நிறுத்த நன்றாகப் பழகிய பிறகு சந்துக்கு வெளியே மெயின் ரோட்டுப் பக்கம் வா.