600 வாட் இம்பாக்ட் டிரில், நாலு வருஷத்துக்குப் பிறகு: மோட்டாருக்கு நூறு மார்க், வயருக்கு முட்டை

கார்பன் பிரஷ் (சுழலும் மோட்டாருக்கு உரசியபடி கரன்ட் கொடுக்கும் கரித்துண்டு) மாற்றி மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு எழுதுகிறேன். பிரித்துப் போட்டிருந்த வாரத்தில் எழுதியிருந்தால் திட்டு மட்டும்தான் வந்திருக்கும். இதே ரக டிரில் இப்போது ஆன்லைனில் விலை இறங்கிக் கிடப்பதால் "வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். 13 எம்எம் சக் (பிட்டைக் கவ்வும் வாய்), ரிவர்ஸ், வேகம் கூட்டிக் குறைக்கும் டிரிகர், இம்பாக்ட் மோடு எல்லாம் தெரிந்ததுதான். இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் வருபவை எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்கு, அதனால் பிராண்ட் பெயர் வேண்டாம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வயர்.

நீளம் இரண்டு மீட்டர். கதவுக்கு மேலே ஸ்கிரீன் ராடு மாட்ட ஏணியில் ஏறினால் பிளக் சுவிட்ச்போர்டுக்கு எட்டாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஏணிப்படியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். சரி, நீளம்கூடப் பரவாயில்லை. மேலுறை கெட்டி பிவிசி. பெட்டிக்குள் எப்படி மடித்து வைத்தார்களோ அதே மடிப்போடு நாலு வருஷமும் நிற்கும். துளை போடும்போது டிரிலைத் திருப்பினால் வயர் எதிர்ப்பக்கம் இழுக்கும். சக் கீயை மாட்டி வைக்க ஒரு ரப்பர் கொடுத்திருக்கிறார்களே, அது பிளக் பக்கம் நழுவிப் போய்விடும். பிட் மாற்றும் முன் பிளக்கைக் கழற்ற வைக்கிறது என்ற ஒரு புண்ணியம் மட்டும் அதற்கு உண்டு.

அதைவிட மோசம் பிளக். வார்த்து ஒட்டிய டூ பின், பின்னின் தடிமன் 4 எம்எம். நம்மூர் 6 ஆம்பியர் சாக்கெட் 5 எம்எம் பின்னுக்காகச் செய்தது. புது சாக்கெட்டில் எப்படியோ நிற்கும். பழைய சாக்கெட்டில் டிரில் அதிரும் அதிர்ச்சிக்கே மெல்ல வெளியே வரும், உள்ளே சடசடவென்று பொறி பறக்கும், மோட்டார் விட்டு விட்டு ஓடும். கவனிக்காமல் விட்டால் சாக்கெட்டின் வாய் பழுப்பாகிக் கருகும். கடைசியில் சுவிட்ச்போர்டு மாற்றுகிற செலவும் டிரிலின் கணக்கில்தான் சேரும். அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு 6 ஆம்பியர் த்ரீ பின் டாப் போடுங்கள். டிரிலின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் அது டபுள் இன்சுலேஷன் மெஷின், உள்ளே எர்த் வயரே இருக்காது. டாப்பில் எர்த் திருகைக் காலியாக விடலாம். மூன்றாவது பின் பிடிமானத்துக்கு மட்டும். குறி இல்லாத மெஷினில் அப்படி விடக்கூடாது, எர்த் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது சங்கதிதான் பலரை ஏமாற்றுவது. கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் ஸ்லீவ் ஒன்று இருக்கும். அது வளைய வேண்டும், ஆனால் கல் மாதிரி நிற்கிறது. அதனால் வளைவு முழுவதும் ஸ்லீவ் முடியும் இடத்தில், ஒரு விரல் அகலத்தில் விழுகிறது. உள்ளே செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். வெளியே உறையில் கீறல்கூட இருக்காது. டிரிகரை அழுத்தினால் ஒரு சமயம் ஓடும், ஒரு சமயம் ஓடாது. ரிப்பேர் கடைக்குப் போனால் சுவிட்ச் போச்சு என்பார்கள், மாற்றியும் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் அதே கதை.

சோதிப்பது சுலபம். பிளக்கைக் கழற்றிவிட்டு பாடியைத் திறந்து, மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியூட்டியில் வையுங்கள். ஒரு முனை பிளக்கின் பின்னில், மறுமுனை அந்த வயர் உள்ளே போய்ச் சேரும் திருகில். பீப் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்லீவ் பக்கத்தில் வயரை நாலு பக்கமும் வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் வயர்தான் குற்றவாளி, சுவிட்ச் பாவம். இரண்டு பின்னையும் இதேபோல் பார்க்க வேண்டும். அறுந்த இடத்தோடு சேர்த்து ஒரு சாண் வெட்டிவிட்டு மறுபடி இணைத்தால் ஓடும். ஏற்கெனவே குட்டையான வயர் இன்னும் குட்டையாகும், அவ்வளவுதான்.

ஒழுங்கான வழி, மொத்தமாக மாற்றுவது. 600 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 2.6 ஆம்பியர்தான் வருகிறது. 1 ஸ்கொயர் எம்எம் டூ கோர் தாராளம் (எர்த் தேவைப்படும் மெஷினுக்கு த்ரீ கோர்). ஐந்து மீட்டர் வாங்குங்கள். ரவுண்டு வயராக இருக்கட்டும், தட்டை வயரை உள்ளே இருக்கும் கிளாம்ப் பிடிக்காது. கிளாம்ப் மேலுறையின் மேல் உட்கார வேண்டும், உள் கம்பிகள் மேல் அல்ல. திருகு பிளாஸ்டிக்கில் இறங்குவதால் பலம் காட்டினால் மரை போய்விடும். ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள். எல்லாம் இணைத்து முடித்த பிறகு மேஜை மேல் ஸ்லீவ் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது பெரிய கொடுமை.

இவ்வளவு திட்டிய பிறகு மோட்டாரைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அருமை. செங்கல் சுவரில் 8 எம்எம் துளை, திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் சுவர் பிளக் இறங்கும் ஆழத்துக்கு, சில நொடிகளில் முடிகிறது. கியரில் சத்தம் மாறவில்லை, சக் ஆடவில்லை. (சக் கீயை மூன்று ஓட்டையிலும் வைத்து இறுக்குகிறவர்களுக்குத்தான் அப்படி. ஒரே ஓட்டையில் இறுக்கினால் பிட் வழுக்கி, அதன் காம்பைச் சுரண்டிவிடும்.)

பிரஷ் தேய்ந்ததற்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது, அது தேய்வதற்கென்றே வைத்த பொருள். 6 எம்எம்முக்குக் கீழே வந்தால் ஸ்பிரிங் சரியாக அழுத்தாது, பொறி கூடும், வேகம் குறையும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், விலை நூறு ரூபாய்க்குள். பழையதைக் கையில் கொண்டுபோய் அகலம், தடிமன், ஸ்பிரிங் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பாடியில் வெளிமூடி இருக்கும் மாடலில் ஐந்து நிமிஷ வேலை. இதில் இல்லை, இரண்டு பாதியையும் பிரிக்க வேண்டும். படுக்க வைத்து மேல் பாதியை மட்டும் மெல்லத் தூக்கி, எதையும் தொடும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். சில மாடல்களில் சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பின்னால் ஒரு குட்டி எஃகு குண்டு இருக்கும், கிரீஸில் ஒட்டி வந்து தரையில் உருண்டுவிடும். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும், செம்புப் பட்டைகள் கொண்ட உருளை) உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எமரி பேப்பர் போட்டால் துகள் பட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். புது பிரஷ் வளைவுக்குப் படியும் வரை, லோடு இல்லாமல் ஐந்து பத்து நிமிஷம் ஓடட்டும். சின்ன நீலப் பொறி சகஜம். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே தெரிந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பாகம்) போயிருக்கிறது. அதற்குச் செலவழிப்பதற்கு முன் புது மெஷின் விலையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இம்பாக்ட் மோடு என்பதை மட்டும் அளவோடு நம்புங்கள். உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் தாவுகின்றன, அவ்வளவுதான். நிமிஷத்துக்கு 2,800 சுற்று, தட்டுக்கு 16 பல் என்றால் 44,800 அடி. பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது இந்தப் பெருக்கல் கணக்கைத்தான். அடி ஒவ்வொன்றும் நகத்தால் தட்டுகிற மாதிரி. நாம் தோளால் அழுத்தினால்தான் வேலை நடக்கும். பூச்சுக்கும் செங்கலுக்கும் இது போதும். லிண்டல், பீம், சீலிங் கான்கிரீட்டில் 10 எம்எம் என்றால் பிட் சிவக்கும், கை மரத்துப்போகும், துளை பாதியில் நிற்கும். உள்ளே கம்பி தட்டினால் அடம்பிடிக்காமல் ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஏஏசி பிளாக்கிலும் (காற்றுத்துளை நிறைந்த லேசான சிமென்ட் கல்) டைல்ஸிலும் இம்பாக்ட்டை அணைத்துவிட வேண்டும். முன்னதில் துளை பெரிதாகி சுவர் பிளக் நிற்காது, பின்னது விரிசல் விடும். மேல்நோக்கித் துளைக்கும்போது பழைய பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் கோத்துக்கொண்டால் தூள் அதில் விழும். சீலிங் தூள் காற்றோட்டத் துளை வழியாக உள்ளே போவதுதான் பிரஷை வேகமாகத் தின்கிறது.

தோட்டத்துக்கு? மாடித்தோட்டத்துப் பெயின்ட் வாளிகளின் அடியில் 10 எம்எம் ஓட்டை போட, பந்தல் சட்டங்களைத் திருக, இது சொர்க்கம். ஆனால் மண் தோண்டும் ஆகர் மாட்டிவிடாதீர்கள். வேரில் சிக்கினால் மெஷின் நிற்காது, மணிக்கட்டுதான் திரும்பும். சுண்ணாம்பு, பெயின்ட் கலக்குவதும் வேண்டாம்: குறைந்த வேகத்தில் நிறைய பாரம் என்றால் உள்ளே இருக்கும் விசிறி காற்றே தராது, மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும் வாசனை வரும். ரோல் எக்ஸ்டென்ஷன் என்றால் முழுதாக அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள். ஈரத் தரையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் தொடவே வேண்டாம்.

கார்ட்லெஸ் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் மூன்றும் ஒன்றுதான், ஐந்து லித்தியம் செல். சாதாரண அளவு 3.6 வோல்ட், முழுசார்ஜில் 4.2, பெருக்கிப் பாருங்கள். அதே ஐந்து செல் பேட்டரியில் 48 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நூறு பீஸ் பிட் செட்டும் வேண்டாம். காங்கிரீட் பிட் 6, 8, 10, இரும்புக்கு 3 முதல் 6 வரை நல்லதாகத் தனியாக வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

ஆக, இன்று வாங்கலாமா? வேண்டாம். மோட்டார் நன்றாக உழைக்கிறது என்று இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே வேடிக்கைதான். ஆனால் டாப், ஐந்து மீட்டர் வயர், ஒரு அரை நாள் எல்லாம் கூட்டினால் விலை இறக்கம் அங்கேயே கரைந்துவிடுகிறது. மேலே கொஞ்சம் போட்டு எஸ்டிஎஸ் பிளஸ் பிட் (சக் கீ இல்லாமல் செருகினாலே பூட்டிக்கொள்வது) போடும் ரோட்டரி ஹேமர் எடுங்கள். அதில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது, பீமில் தோளைக் கொடுக்க வேண்டியதில்லை. கனம் அதிகம், மரத்துக்கும் இரும்புக்கும் தோதுப்படாது, தெரியும். அதற்குத்தான் இந்தப் பழைய டிரில் இருக்கிறது. இரவல் கேட்டால் கொடுக்க மாட்டேன். கடையில் எதை எடுத்தாலும் முதலில் பிளக்கைக் கடைக்காரர் சாக்கெட்டிலேயே செருகி ஆட்டிப் பாருங்கள், பிறகு ஸ்லீவை விரலால் வளைத்துப் பாருங்கள். வாட் எவ்வளவு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.