மதுரையில ரெஸ்ட் டே: 5,800 ரூபாய்க்கு என் பழைய கேசட்டையே கழுவி மாட்டிக் குடுத்தாங்க

விருதுநகர் லாட்ஜ்ல உக்காந்து இதை எழுதுறேன். கோபம் இன்னும் ஆறல, வார்த்தை முன்னப்பின்ன வந்தா பொறுத்துக்கங்க. சென்னையில இருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல போறவங்க பலர் மதுரையில ஒரு நாள் தங்கி வண்டியைச் சரி பார்ப்பாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. (கேசட்னா பின் வீல்ல செயின் ஓடுற பல்சக்கர அடுக்கு.) என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

ஈசிஆர்ல பாண்டிச்சேரி, அப்புறம் சிதம்பரம் வழியா கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டி திருச்சி, நாலாவது நாள் மதுரை. திருச்சி ரோட்டுலயே செயின் கரகரன்னு சத்தம். ரெண்டு வருஷமா மாத்தாத செயின், அது என் தப்புதான். சரி, அஞ்சாவது நாள் ரெஸ்ட், வண்டிய ஒரு நல்ல கடையில விடுவோம்னு நினைச்சேன்.

கடை பேரு போடல. கண்ணாடிக் கதவு, ஏசி, லட்ச ரூபாய் சைக்கிளெல்லாம் சுவத்துல தொங்குற மாதிரி ஷோரூம். அது போதும்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லியாகணும். அங்க இருந்த பையன் செயின் எவ்வளவு நீண்டிருக்குன்னு அளக்குற செயின் செக்கரை எடுத்து என் கண் முன்னாடியே வச்சுக் காட்டினான். 0.75 பக்கம், அதாவது 0.75 சதவீதம் நீண்டிருந்தா இறங்குற முனை, பொதக்குன்னு உள்ள இறங்கிருச்சு. "அண்ணே, இவ்வளவு நீண்டு போச்சுன்னா கேசட் பல்லும் தேஞ்சிருக்கும். செயினை மட்டும் மாத்தினா புது செயின் பழைய பல்லுல உக்காராது, அழுத்தி மிதிச்சா எகிறும். ரெண்டையும் சேத்து மாத்திருங்க"ன்னான். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல! உண்மையைச் சொல்றானே, இவன நம்பலாம்னு தோணிச்சு. 9 ஸ்பீட் கேசட் 2,900, செயின் 1,600, பிரேக் பேட் 500, கூலி 800. மொத்தம் 5,800. "நீங்க போய் அம்மனைக் கும்பிட்டுட்டு வாங்கண்ணே, சாயங்காலம் ரெடியா இருக்கும்"னு டீ வேற வாங்கிக் குடுத்தான். நானும் கோயிலுக்குப் போனேன், ஜிகர்தண்டா குடிச்சேன், ரூமுக்கு வந்து நல்லாத் தூங்கினேன்.

ஆறு மணிக்குப் போனா வண்டி பளபளன்னு நிக்குது. கடை வாசல்ல ஒரு ரவுண்டு ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. ஜிபேல 5,800 அனுப்பினேன். பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு, அதுல 'சர்வீஸ் + பார்ட்ஸ்'னு மட்டும் எழுதியிருக்கு. பழைய கேசட் எங்க தம்பின்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

இன்னைக்குக் காலையில திருமங்கலம் தாண்டி ஒரு மேம்பாலம். கியரைக் குறைக்காம எந்திரிச்சு நின்னு ஒரு மிதி மிதிச்சேன். டடக்குன்னு செயின் எகிறி, வலது கால் வழுக்கி, முழங்கால் ஹேண்டில்ல போய் இடிச்சுது. பின்னாடி லாரி. அந்த ஹாரன் சத்தம் இப்பவும் காதுல இருக்கு. அப்புறம் எந்த கியர்ல அழுத்தினாலும் அதே கதை. நான் அதிகம் போடாத பெரிய ரெண்டு பல்சக்கரம் மட்டும் பிடிச்சுது. தார் ரோட்டுல, எதிர்காத்துல, மலையேறுற கியரைப் போட்டுக்கிட்டு காலைச் சுத்திச் சுத்தி விருதுநகர் வந்து சேர்றதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு.

இங்க ஒரு மரத்தடி பஞ்சர் கடை. பெரியவர் வீலைக் கழட்டி, துணியால துடைச்சு, விரலை விட்டுப் பாத்தார். "ஃப்ரீவீல் பழசு தம்பி. மண்ணெண்ணெயில கழுவிருக்கான்." கேசட்டைத்தான் அவர் ஃப்ரீவீல்னு சொல்றார். நடுப் பல்லெல்லாம் ஒரு பக்கமா வளைஞ்சு, கொக்கி மாதிரி கூர்மையா இருக்கு. பெரிய பல்சக்கரத்தோட ஓரத்துல, போன வருஷம் ஆம்னி பஸ் டிக்கியில போட்டப்ப விழுந்த கீறல் அப்படியே இருக்கு. என் கேசட்டேதான். செயினை மட்டும் மாத்திட்டு ரெண்டுக்கும் காசு வாங்கிருக்கான். எது செய்யக்கூடாதுன்னு அவனே எனக்குப் பாடம் எடுத்தானோ, அதையே செஞ்சிருக்கான். வண்டியத் தொடாம விட்டிருந்தா, பழைய செயினும் பழைய பல்லும் ஒண்ணுக்கொண்ணு பழகி, கரகரன்னாவது குமரி வரைக்கும் போயிருக்கும்.

பெரியவர் கூலி வேண்டாம்னுட்டார். வற்புறுத்தி 50 ரூபாய் குடுத்தேன்.

கடைக்கு போன் போட்டேன். முதல் தடவை, "அந்தப் பையன் இன்னைக்கு லீவு சார்." ரெண்டாவது தடவை, "டெஸ்ட் ரைடுல நல்லாத்தான இருந்துச்சு, நீங்க கியரைத் தப்பா போட்டிருப்பீங்க." பழைய கேசட்டைக் காட்டுங்கன்னா, "அது எடைக்குப் போட்டாச்சு." பின்ன இப்ப என் வீல்ல இருக்கிறது என்னங்க? ஒரே நாள்ல 'அண்ணே' போய் 'சார்' ஆயிட்டேன், கவனிச்சீங்களா. மூணாவது தடவை, ஓனர் வெளியூர், திங்கக்கிழமை வண்டியை நேர்ல கொண்டு வாங்கன்னாங்க. கீறல் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நீல டிக், பதிலே இல்ல. அதுக்கப்புறம் நம்பரே போகல. 5,800 ரூபாய்ங்க, என் அஞ்சு நாள் சாப்பாடு, ரூம் செலவை விட அதிகம்.

விவரமா சொல்றேன்னேன், முழங்கால் வீங்கிக்கிட்டு இருக்கு, முக்கியமானதை மட்டும் சொல்லிடுறேன். மாத்தின பார்ட்ஸ் பழசைக் கையில வாங்காம காசு குடுக்காதீங்க. புதுசோட டப்பாவையும் கேளுங்க. வண்டிய விடுறதுக்கு முன்னாடி கேசட்டைக் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க. வாசல்ல ஓட்டிப் பாத்து ஏமாறாதீங்க, ஏதாவது பாலத்துல ஏறி, நின்னு மிதிச்சுப் பாருங்க. ஜிஎஸ்டி பில்லு கட்டாயம். ஓய்வு நாள்தான், ஆனா வேலை நடக்கும்போது பக்கத்துலயே உக்காருங்க, கோயிலுக்கு அப்புறம் போய்க்கலாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. மதுரையில தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேசட் இருக்காம், காலையில பஸ்ல குடுத்து விடுறேன்னிருக்கார். அதைக் கழட்டி மாட்டுற டூல் இந்த ஊர்ல யார்கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.