வீட்டுக் காலண்டரும் அலுவலகக் காலண்டரும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

புதிய வேலையில் சேரவிருக்கும் தோழி ஒருத்தி, சொந்தக் கைப்பேசியிலேயே அலுவலகக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முன்பு என் கைப்பேசியில் இரண்டு கணக்குகளும் ஒரே காலண்டர் செயலியில் இருந்தன. அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்கான தேதியைக் குறித்தபோது, செயலி அதை அலுவலகக் கணக்கில் சேமித்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய காலண்டரை மற்றவர்கள் விவரத்தோடு பார்க்கலாம். மறுநாள், அதிகம் பழக்கமில்லாத ஒருவர் வந்து, "அம்மாவுக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன்?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார் என்றாலும், எனக்கு உடல் கூசிப்போனது.

அதன்பிறகுதான் ஆண்ட்ராய்டின் ஒர்க் புரொஃபைலுக்கு மாறினேன். ஒரே கைப்பேசியில் அலுவலகச் செயலிகளைத் தனிப் பகுதியாகப் பிரித்து, அவற்றுக்கு ஒரு சிறு கைப்பெட்டி அடையாளம் இட்டு வைக்கும் வசதி இது; 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் வந்தது. பெட்டி அடையாளமிட்ட காலண்டரில் அலுவலகக் கணக்கு மட்டும், அடையாளமில்லாததில் வீட்டுக் கணக்கு மட்டும். ஆண்ட்ராய்டில் காலண்டரைப் படிக்கும் அனுமதியை ஒரு செயலிக்குக் கொடுத்தால், கணக்குவாரியான பாகுபாடு இன்றி எல்லா நிகழ்வுகளும் அதற்குத் திறந்துவிடுகின்றன. அலுவலகச் செயலிகள் புரொஃபைலுக்குள் இருப்பதால், என் வீட்டு நிகழ்வுகளைப் பொறுத்தவரை அந்த வழி அடைபட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட எதுவும் கலக்கவில்லை. இதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இரட்டைப் பதிவுதான் என்னை ஓயாமல் படுத்துகிறது. மருத்துவரைப் பார்க்கும் நேரம் அலுவலகக் காலண்டருக்குத் தெரியாததால், அதே நேரத்தில் மீட்டிங் வந்து விழுகிறது. தடுக்க வேண்டுமானால் அங்கும் என் கையாலேயே 'வேலை இருக்கிறது' என்று ஒரு கட்டத்தை அடைத்து வைக்க வேண்டும். காலண்டர்கள் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் தரத்தில், காரணத்தைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் தெரிவிக்கும் முறை 1998-லேயே இருந்தது. எங்கள் அலுவலக அமைப்பில் அதற்கு இன்றும் வழி திறக்கப்படவில்லை.

சென்ற வாரம் அம்மாவின் மறுபரிசோதனை வியாழனிலிருந்து புதனுக்கு மாறியது. வீட்டுக் காலண்டரில் திருத்தினேன், அலுவலகத்தில் திருத்த மறந்தேன். புதன் காலை பத்தரைக்கு, தட்ட முடியாத ஒரு மீட்டிங். அம்மாவை என் தங்கைதான் அழைத்துச் சென்றாள்.

இன்றைய கோபத்தில், ஒர்க் புரொஃபைலை வைத்துக்கொள் என்று தோழியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என் கைப்பேசியிலிருந்து இதை நீக்கவும் மாட்டேன்.