கருங்கால் ஃபெரெட்டைக் காக்க: பொடியா, தடுப்பு மருந்துத் தீனியா?

அமெரிக்கப் புல்வெளிகளில் கருங்கால் ஃபெரெட்டுக்கு (நீர்நாய்க்கு உறவான சிறு வேட்டை விலங்கு) பெரிய எமன் பிளேக். அது ஃபெரெட்டையும் கொல்லும், அதன் முக்கிய இரையான பிரெய்ரி நாயையும் (பெயர்தான் நாய், உண்மையில் அணில் குடும்பம்) கூண்டோடு அழிக்கும்.

முதல் வழி, டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிப் பொடி. பிரெய்ரி நாயின் வளைக்குள் தூவினால் நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் சாகும். பலன் சீக்கிரம் தெரியும், இரு விலங்குகளுக்கும் காப்பு கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வளையாகப் போய்த் தூவ வேண்டும். ஆயிரக்கணக்கில் வளைகள் என்றால் முதுகு ஒடிந்துவிடும். மற்ற பூச்சிகளும் சேர்ந்து சாகும். அப்புறம், தெள்ளுப்பூச்சி மருந்துக்குப் பழகிப்போகும் சிக்கல் வேறு.

இன்னொன்று, வேர்க்கடலை வெண்ணெய் மணமுள்ள தடுப்பு மருந்துத் தீனி. ட்ரோனிலிருந்தே வீசலாம், வேலை மிச்சம். ஆனால் பிரெய்ரி நாய் அதைத் தின்று, எதிர்ப்புச் சக்தி வரச் சில வாரங்கள் ஆகும். எல்லா பிரெய்ரி நாயும் தின்னும் என்றும் சொல்ல முடியாது. தெள்ளுப்பூச்சி அப்படியே இருக்கும் என்பதால் ஃபெரெட்டைப் பிடித்துத் தனியாக ஊசி போட வேண்டும். பெரும்பாலும் இரவில் வெளியே வரும் விலங்கைப் பிடிப்பது லேசா?

நோய் பக்கத்தில் வந்துவிட்டதா, பொடிதான். நோய் இல்லாத காலத்தில், பரந்த நிலத்துக்குத் தீனி சரி; அதை மட்டும் நம்பி ஃபெரெட்டைப் புல்வெளியில் விடுவதை நான் ஏற்கமாட்டேன்.