சுழல் கோடுகளுக்கு ரூபெஸ் எல்எச்ஆர் 15 மார்க் 3 பாலிஷ் மெஷின்: பொள்ளாச்சி–சித்தூர் பக்கத்துக் கார்களுக்கு எப்படி?

கறுப்பு, கருநீலம், மெரூன் நிறக் கார்களில்தான் சுழல் கோடு முதலில் தெரியும். சாயங்கால வெயில் பானெட்டில் விழும்போது, வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். வட்டமாகத் தெரிந்தாலும் அவை எல்லாத் திசையிலும் கிடக்கும் நேர்க் கீறல்கள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத்தில் இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காய்ந்த புழுதியைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறோம். வாட்டர் சர்வீஸில் டயருக்குப் போட்ட ஸ்பாஞ்சே பானெட்டுக்கும் வருகிறது. அதன்மேல் போர்த் தண்ணி காய்ந்த உப்புக் கறை வேறு.

பட்டறைகளில் வழக்கமான வைத்தியம், மோட்டாரே நேரடியாகப் பேட்டைச் சுழற்றும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேட் மாட்டி ரப்பிங் காம்பவுண்ட் போடுவது. பழகிய கையில் ரோட்டரி அருமையான கருவி. பழகாத கையில் ஒரே இடத்தில் சூடேறி, விளிம்புகளில் கிளியர் கோட்டை (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சை) தின்றுவிடும். அன்றைக்குப் பளபளவென்றுதான் வண்டி வெளியே வரும். காம்பவுண்டின் எண்ணெயும் மேலே போட்ட வாக்ஸும் கோடுகளை மூடியிருக்கும். சில வாஷ் போனதும் வெயிலில் வானவில் போல அலையடிக்கும் ஹோலோகிராம் எழும்பும்.

இத்தாலிக்கார ரூபெஸின் எல்எச்ஆர் 15 டூயல் ஆக்‌ஷன் வகை. பேட் 15 மி.மீ. சுற்றில் ஊசலாடிக்கொண்டே தானும் சுழலும். அந்தச் சுழற்சியை மோட்டார் நேரடியாகத் தள்ளுவதில்லை. அழுத்தம் மிஞ்சினால் சுழற்சி நின்றுவிடும், அதனால் பெயிண்ட் எரியும் ஆபத்து மிகக் குறைவு. 500 வாட், பேட் ஒட்டும் பேக்கிங் பிளேட் 125 மி.மீ. இதன் அண்ணன் எல்எச்ஆர் 21 அகலமான பானெட்டில் வேகமாக வேலை முடிக்கும். ஆனால் நம் சாலையில் ஓடுபவை பெரும்பாலும் மடிப்பும் வளைவும் நிறைந்த சின்ன ஹேட்ச்பேக்குகள். அவற்றுக்கு 15தான் சரி.

இதன் பலவீனமும் அந்தச் சுழற்சியிலேயே இருக்கிறது. வீல் ஆர்ச் வளைவிலும் பம்பர் மடிப்பிலும் பேட் சரிந்தால் சுழற்சி நின்று வெறும் நடுக்கம் மட்டும் இருக்கும். மெஷின் சத்தம் போடுகிறது, கோடு போகவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அழுத்தத்தைக் குறையுங்கள், பேட்டைப் பரப்புக்குச் சமமாக வையுங்கள். பக்கக் கண்ணாடி மூடி, கைப்பிடிக் குழி, கதவுத் தூண் போன்ற இடங்களுக்கு 75 மி.மீ. சின்ன மெஷின் தனியாக வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மெஷினை எடுக்கும் முன் வண்டியை நன்றாகக் கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்து, வழுக்கும் திரவத்தோடு களிமண் பார் ஓட்ட வேண்டும். ஒட்டியிருக்கும் துகள் ஒன்று பேட்டில் சிக்கினாலும் பன்றிவால் போல் சுருண்ட புதுக் கீறல் விழும். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், கூர்மையான மடிப்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். மடிப்பில் பெயிண்ட் மெல்லிசு.

பிறகு 45 செ.மீ. சதுரத்தில் ஒரு சோதனை. இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மெல்லியதில் இருந்து ஆரம்பியுங்கள்: ரூபெஸின் மஞ்சள் பேட், மெகுயர்ஸ் எம்205 பாலிஷ். புது பேட்டின் முகம் முழுக்கப் பாலிஷை மெல்லிசாகத் தேய்த்துவிட்டு, மேலே பட்டாணி அளவில் நாலு சொட்டு. வேகம் 1இல் பரப்பி, 4இலிருந்து 5க்குள் ஓட்டுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. நகர்ந்தால் போதும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக ஆறு முறை. துடைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து அடித்து எண்ணெயை எடுத்த பிறகே எல்இடி டார்ச்சில் பாருங்கள். கோடு மிச்சமிருந்தால் அடுத்த படியான பச்சை பேட், அதற்கும் மசியாவிட்டால் மெகுயர்ஸ் எம்105 காம்பவுண்ட். பேட் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ரூபெஸில் மஞ்சள் மெல்லியது, வேறு சில கம்பெனிகளில் அதே மஞ்சள் கடுமையாக வெட்டுகிற பேட்.

ஹேட்ச்பேக் ஒன்றுக்குக் குறைந்தது ஐந்தாறு பேட் வேண்டும். ஒரே பேட்டில் முழு வண்டியும் ஓட்டினால் உரிந்த பெயிண்ட்டும் காய்ந்த பாலிஷும் பஞ்சில் அடைத்துக்கொள்ளும். வெட்டும் திறன் குறையும், புகைபோல மங்கல் விழும், நடுவில் சூடேறி வெல்க்ரோ பசை விட்டுப்போகும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ்ஷால் பேட்டை வாருங்கள். முதல் சதுரத்திலிருந்தே பேட்டில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது பெரும்பாலும் கிளியர் கோட் இல்லாத பெயிண்ட். பயப்பட வேண்டாம், ஆனால் கை அடக்கமாகப் போகட்டும்.

இடமும் நேரமும் இங்கே பாதி வேலை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் நாட்களிலும், மார்கழி தையில் கிழக்குக் காற்று புழுதியைத் தூக்கும் நாட்களிலும், தென்னை நிழலில் வண்டியை நிறுத்திப் பாலிஷ் போடுவது வீண் வேலை. அடைத்த ஷெட் வேண்டும், தரையில் தண்ணி தெளித்திருக்க வேண்டும். பங்குனி சித்திரையில் விடிகாலையில் ஆரம்பித்து, தகடு கைக்குச் சுடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். சூடான தகட்டில் பாலிஷ் நொடியில் காய்ந்து பொடியாய்ப் பறக்கும்.

எல்லாம் போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகம் ஓட்டினால் தட்டுகிற கீறலைத் துரத்தாதீர்கள். உப்புத் தண்ணி குழியாக அரித்த இடத்திலும் அப்படியே. மேலாக நிற்கும் வெள்ளைக் கறைக்கு அமிலம் கலந்த வாட்டர் ஸ்பாட் ரிமூவர் முதலில். கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். பெயிண்ட் கேஜ் மொத்தக் கனம் 80 மைக்ரானுக்குக் கீழே காட்டும் தகட்டில் மெல்லிய பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 200ஐத் தாண்டினால் பெரும்பாலும் டிங்கரிங் பார்த்து மறுபெயிண்ட் அடித்த இடம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் அளக்காது, சூடும் சீக்கிரம் இறங்காது. அங்கே வேகத்தை ஒரு படி குறையுங்கள்.

விலைதான் உறுத்தும். சீனத் தயாரிப்பு 15 மி.மீ. மெஷின்களைவிடப் பல மடங்கு. ஆனால் ரூபெஸில் அதிர்வு குறைவு, நாள் முழுக்க ஓட்டினாலும் மணிக்கட்டு மரத்துப்போகாது. வாரம் இரண்டு மூன்று வண்டி பார்க்கும் டீட்டெயிலிங் கடைக்கு இது நியாயமான முதலீடு. வருஷத்துக்கு ஒருமுறை சொந்த வண்டிக்கு மட்டும் என்றால் மலிவான 15 மி.மீ. மெஷினே போதும், மிச்சப் பணத்தில் நல்ல பேட்டும் பெயிண்ட் கேஜும் வாங்குங்கள். எதை வாங்கினாலும் உதிரி பேக்கிங் பிளேட்டும் மோட்டாருக்கான கார்பன் பிரஷ்ஷும் கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ கிடைக்குமா என்று கடையில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.